வழி விடுதல் இழிவன்று

(பல்லடத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் இலக்கியம் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆயின், நம் சங்கத்துச் செயலாளர் அவர்கள் இம்முறை எனக்கிட்ட கட்டளை வேறு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரும், சினந்து வண்டி ஓட்டுவோரும் வழியில் எதிர்ப்படுங்கால் நம் மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளுமாறு யாது என்பதைப் பற்றிப் பேசுக என்றனர். எண்ணிப் பார்க்குமிடத்து, இது போலீசார் மட்டுமே பேசுதற்குரிய பொருளன்று. மானம், சினம், அச்சம், அறிவு என்னும் நான்கைப் பற்றிய பொருளாகும். இந்நான்கைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கும் சிறிது உரிமை உண்டன்றோ?

நம் பல்லடத்தின் நிலையை முதலில் நோக்குவோம். கோயம்புத்தூரினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் ஊரின் ஊடே செல்கின்றது. திருப்பூர்ச் சாலையும், உடுமலைச் சாலையும், பொள்ளாச்சிச் சாலையும், தாராபுரச் சாலையும் இங்கு வந்து கூடுகின்றன. பனியன் பொதிகளை ஏற்றிய லாரியும், காரணம்பேட்டைப் பக்கத்துக் கல் குவாரிகளினின்று வரும் டிப்பரும், விசைத்தறிகளுக்குப் பாவும் ஊடையும் கொண்டு செல்லும் வேனும், இரவிற் கறிக்கோழி ஏற்றிச் செல்லும் வண்டியும், கம்பெனித் தொழிலாளரை ஏற்றி இறக்கும் பேருந்தும் ஒரே சாலையிற் செல்கின்றன. இவற்றினிடையே நம் பிள்ளைகள் மிதிவண்டியிற் பள்ளிக்குச் செல்கின்றனர். மனைவியையும் குழந்தையையும் பின்னமர்த்திக்கொண்டு நம் சகோதரர்கள் இருசக்கர வண்டியிற் செல்கின்றனர். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்தபின் இச்சாலைகள் எவ்வாறு இருக்கின்றன என்பதை யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் சாலை விபத்துக்களில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவருள் 17,884 பேர் தமிழ்நாட்டிற் மாண்டவர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 உயிர்கள். இவை யாவும் குடியால் விளைந்தவை அல்ல. வேகத்தால் விளைந்தவையே மிகப் பல. ஆயினும் ஓர் உண்மையை இத்தொகை நமக்கு அறிவுறுத்துகின்றது. சாலையில் நாம் செவ்வையாக ஓட்டினால் மட்டும் போதாது. பிறன் ஒருவன் மதி மயங்கி வருவான் என்பதையும் எப்பொழுதும் கருதியே ஓட்டுதல் வேண்டும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் விடியற்காலையில் நம் மாவட்டத்து அவிநாசியை அடுத்து நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கண்டெய்னர் லாரியொன்று சாலையின் நடுத்தடுப்பைக் கடந்து எதிர்ப்பக்கம் பாய்ந்து கேரள அரசுப் பேருந்தின்மேல் மோதிற்று; 19 பேர் மாண்டனர். லாரி ஓட்டியவர் கண்ணயர்ந்ததே காரணம் என்று கண்டனர். அப்பேருந்தில் இருந்தோர் செய்த குற்றம் யாதுமில்லை. உறக்கத்தால் மயங்கினும், மதுவால் மயங்கினும், சினத்தால் மயங்கினும், மயங்கியவன் கையிலுள்ள வண்டி குறி தெரியாத வேலேயாகும்.

இனி, இம்மூவருள் உறங்கியவன் நம்மோடு வழக்காட வருவதில்லை. குடித்தவனும் சினந்தவனும் வழக்காட வருவர். நாமும் வழக்காடப் புகுகின்றோம். கேடு அங்கேதான் இருமடங்காகின்றது. ஒருவன் நம் வண்டியை உரசிச் செல்கிறான். உடனே நாம் துரத்திச் செல்கின்றோம். ஒருவன் விளக்கை உயர்த்திப் பிடித்துக் கண் கூச வைக்கிறான். நாமும் விளக்கை உயர்த்துகின்றோம். ஒருவன் வசை மொழிகிறான், வண்டியை நிறுத்தி இறங்கி, "நான் யார் தெரியுமா?" என்று வினவுகின்றோம். தன்னைத் தானே அறியாத நிலையிலிருப்பவன் நம்மை அறிந்து ஆவது யாது?

அன்பர்களே! நம் பக்கத்தில் நிகழ்ந்த ஒரு கொடுமையை, நெஞ்சு நடுங்கியே, ஈண்டுக் குறிக்கின்றேன். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், பல்லடத்தையடுத்த கள்ளக்கிணறில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவருள் இருவர் முதிய பெண்டிர். அக்குடும்பத்தாரின் இடத்தருகே அமர்ந்து மது அருந்தியவர்களைத் தட்டிக் கேட்டதிலிருந்து அத்தகராறு மூண்டதென்று செய்தித்தாள்கள் தெரிவித்தன. இஃது ஓடும் வண்டியால் நிகழ்ந்ததன்று; ஆயினும் நம் பொருளுக்கு இதனினும் அணித்தான பாடம் வேறில்லை. அவர்கள் கேட்டது முழு நியாயம். அவர்கள்மேல் அணுவளவும் குற்றமில்லை. குற்றம் அனைத்தும் கொன்றவரதே. ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பது ஒன்று. குடித்தவன் கையில் ஆயுதம் இருப்பது மற்றொன்று. முன்னது பின்னதைத் தடுக்கும் கேடயம் ஆகாது. நால்வரை ஒரே மாலையில் இழந்த வீட்டின் துயரம் நமக்குக் கற்பிப்பது யாதெனின், குடித்தவனிடம் நியாயம் கேட்கும் வேலையை நாமே நேரிற் சென்று செய்தலாகாது, அதற்கென உள்ளவர்களைக் கொண்டே செய்விக்கவேண்டும் என்பதேயாம்.

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். அடிபடுபவர் நிலை அதுவாயின், அடிப்பவர் நிலை யாது? 1988ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பஞ்சாபில் பட்டியாலா நகரத்துச் சாலையில் வண்டியை விலக்குவதைப் பற்றி ஒரு வாய்த்தகராறு எழுந்தது. ஒரு பக்கம் 65 வயது முதியவர். மறு பக்கம் அக்காலத்தில் கிரிக்கெட் ஆட்டத்திற் புகழ் பெற்று வந்த நவ்ஜோத் சிங் சித்து என்னும் இளைஞரும் அவர் நண்பரும். பேச்சு கைகலப்பாயிற்று, முதியவர் உயிர் நீத்தார். வழக்குக் கீழ்நீதிமன்றத்தினின்று உயர்நீதிமன்றம் சென்று, அங்கிருந்து உச்சநீதிமன்றம் சென்றது. 2018இல் 1,000 ரூபாய் அபராதத்தோடு முடிந்ததென எண்ணப்பட்ட அவ்வழக்கு, மறு ஆய்வில், 2022ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனையாக முடிந்தது. இடையில் அவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் மாகாண மந்திரியாகவும் விளங்கினார். சாலையிற் சில நிமிஷங்கள் மூண்ட சினம் 33 ஆண்டுகள் அவரைத் துரத்திப் பிடித்தது. புகழும் பதவியும் உடையவர்க்கே இங்ஙனமாயின், தறியையும் தோட்டத்தையும் நம்பி வாழும் நமக்கு எங்ஙனம் ஆகும்? வக்கீல் வீட்டுத் திண்ணையில் ஒரு தலைமுறை கழிந்துவிடும்.

நம்மவர் மானத்தைப் பெரிதாக மதிப்பவர். அஃது நம் பெருமை. வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும், வாய்க்கால் முறை ஒரு நாழிகை தவறினாலும் நாம் பொறுப்பதில்லை. பரம்பரையாக வந்த நிலத்தைக் காத்தல் கடமையாதலின் அதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் சாலையையும் நாம் வரப்பாகவே எண்ணுகின்றோம். "என் வழியில் அவன் எப்படி வரலாம்?" என்கின்றோம். சாலையில் "என் வழி" என்று ஒன்றில்லை. அரைக்கணம் நாம் கடந்து செல்லும் இடம் அது. அடுத்த கணத்தில் அது வேறொருவருடையது. ஆறடி இடத்தை ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் நம் பட்டாவில் ஒரு சென்ட் நிலமும் குறைவதில்லை. விட்டுக்கொடாது நின்றவனுக்கு நிலையாகக் கிடைப்பதும் அந்த ஆறடியேயாம் என்பதை நினைவில் வைப்போமாக.

வழி விடுதல் அச்சத்தின் அடையாளமன்றோ என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அவர்கட்கு வள்ளுவரையே துணையாகக் காட்டுவேன். அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சாதிருத்தலை அப்பெருந்தகை வீரத்தின் கணக்கிற் சேர்க்கவில்லை. அறியாமையின் கணக்கிற் சேர்த்தார். அக்கருத்தை அவர் வைத்த இடம் யாது? படைச்செருக்கு என்னும் அதிகாரமன்று. அறிவுடைமை என்னும் அதிகாரம். வெறிநாயைக் கண்டு விலகுபவனை ஊரார் கோழை என்பதில்லை. மதம் பிடித்த யானைக்கு வழி விடுபவனைத் தோற்றவன் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. மதியிழந்தவன் ஓட்டும் வண்டிக்கு வழி விடுதலும் அன்னதே. கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஓர் உவமை வைத்திருக்கிறார். குடித்தவனுக்குக் காரணங் கூறித் தெளிவிக்கப் புகுதல், நீருக்கடியில் மூழ்கிக் கிடப்பவனைத் தேடப் பந்தம் கொளுத்திக்கொண்டு நீருள் இறங்குவதற்கு ஒப்பாம் என்பது அதன் கருத்து. பந்தம் அணைந்துபோம், தேடிச் சென்றவனும் நீருள் ஆழ்வான். சாலையில் இறங்கிக் குடித்தவனுக்கு விதி எடுத்துரைப்போர் இவ்வுவமையை மறவாதிருத்தல் வேண்டும்.

நிற்க. குடி ஒருவனை என்ன செய்கிறதென்பதை விளங்கிக்கொண்டால் அவனை விட்டு எவ்வளவு தொலைவு விலகவேண்டும் என்பதும் விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் கடக்கின்றது. தெளிந்த மதியுடையவர்க்கே ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி அளவு ஆகின்றது. மது அருந்தியவனுக்கு அது மேலும் அரை நொடி தாமதிக்குமாயின், வண்டி மேலும் 8 மீட்டர் ஓடிவிடும். அஃது இரண்டு கார்களின் நீளம். அன்றியும், எதிர்வரும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளந்தறியும் ஆற்றல் குன்றுகின்றது. பக்கங்களிற் காண்பது குறைகின்றது. தன்னால் எதுவும் முடியும் என்னும் துணிவு மட்டும் மிகுகின்றது. அறிவு குறைந்து துணிவு பெருகுதலே குடியின் இயல்பு. மோர் குடித்தால் தெளியும், எலுமிச்சஞ்சாறு குடித்தால் தெளியும், தலையில் நீர் வார்த்தால் தெளியும் என்பனவெல்லாம் வீண் பேச்சு. இரத்தத்திற் கலந்த மதுவை ஈரல் தன் போக்கில் மெல்ல மெல்லத்தான் நீக்கும், மணிக்கணக்கில் ஆகும். அதனை விரைவுபடுத்தும் மருந்தொன்றும் இல்லை.

இனி, காத்துக்கொள்ளுமாறு எங்ஙனம் என்பதை முறையே கூறுவேன். தாய்மார்களும் இளைஞரும் இதனைக் கருத்திற் கொள்வாராக.

முதலாவது, கண்டறிதல். முன்னே செல்லும் வண்டி நேரே செல்லாது பாம்புபோல் நெளியின், நடுக்கோட்டின்மேலேயே செல்லின், காரணமின்றித் திடீரென நின்று திடீரெனப் பாயின், இருட்டிய பின்னும் விளக்கின்றிச் செல்லின், திரும்புமிடத்தில் மிக அகன்று திரும்பின், அதனை ஓட்டுபவன் தன்வயத்தில் இல்லை என்று கொள்க. அவனை முந்திச் செல்ல முயலாதீர்கள். முந்தினால் அவன் நம் முதுகுக்குப் பின்னே வருவான். கண்ணுக்கெதிரே உள்ள ஆபத்தைவிடக் கண்ணுக்குப் பின்னே உள்ள ஆபத்து கொடிது. வேகத்தைக் குறைத்துப் பின்தங்குக. ஐந்து நிமிஷம் ஒரு தேநீர்க் கடையில் நின்று செல்லினும் நட்டமில்லை.

இரண்டாவது, அவன் எதிரே வருவானாயின். விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, இடப்பக்க ஓரத்தை நாடுக. ஆயின் வேகத்தோடு மண்ணோரத்தில் திடீரென இறக்கலாகாது, சக்கரம் சறுக்கும். நேருக்கு நேர் மோதுவதினும் வேறெதுவும் மேல். நடந்து செல்வோர், நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தவாறே நடக்கவேண்டும். முதுகு காட்டி நடப்பவனுக்கு வருவது தெரியாது.

மூன்றாவது, அவன் பின்னே நெருக்கி ஒலி எழுப்பி வருவானாயின். இடப்பக்க விளக்கைக் காட்டி ஒதுங்கி, முதலிற் செல்ல விடுக. வேண்டுமென்றே மெல்லச் சென்று அவனைச் சோதித்தலும், பிரேக்கைத் தட்டி அச்சுறுத்தலும் கூடா. அவன் கடந்து செல்கையில் முறைத்துப் பார்த்தல், கையசைத்தல், வசை மொழிதல் இவற்றை ஒழிக்க. பார்வை ஒன்றே போரைத் தொடங்கிவிடும். பின்னமர்ந்து வருபவர் வண்டியின் எண்ணை மனத்திற் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் சாலையையே பார்க்கட்டும்.

நான்காவது, அவன் வழிமறித்து நின்றானாயின். காரில் இருப்போர் இறங்கவே கூடாது. கதவுகளைத் தாழிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை நிறுத்தாது வைத்துக்கொள்க. இதற்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு. எங்கு நின்றாலும், முன் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுமிடம் நம் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விட்டு நிற்கவேண்டும். அவ்விடைவெளி இருந்தால் ஒடித்துத் திருப்பிச் சென்றுவிடலாம். இல்லையெனில் கூண்டிற் பட்டவராவோம். இருசக்கர வண்டியிற் செல்வோர்க்குக் கதவுமில்லை, தாழுமில்லை. அவர்கள் ஆட்கள் உள்ள கடைக்குள்ளோ பெட்ரோல் பங்குக்குள்ளோ சென்றுவிடுக. வண்டி போனால் வேறு வண்டி வாங்கலாம். சாவியைப் பிடித்திழுத்தலும், கைப்பேசியை அவன் முகத்தெதிரே நீட்டிப் படம் பிடித்தலும் எரியும் நெருப்பில் நெய் வார்ப்பதாகும். "அண்ணா, தப்பு நம்முடையதே, போங்கள்" என்று ஒரு சொற் சொல்லிவிட்டு விலகுக. தெளிந்த அறிவுடையவர் கேட்கும் மன்னிப்பால் எவர் மானமும் தேய்வதில்லை.

ஐந்தாவது, அவன் நம்மைப் பின்தொடர்வானாயின். அப்பொழுது வீட்டுக்குச் செல்லாதீர்கள். அவனுக்கு நம் வீட்டு வழியைக் காட்டிக்கொடுத்தவர் ஆவோம். தோட்டத்து மண்பாதையிலும், ஆளில்லாத கிளைச்சாலையிலும் திரும்பாதீர்கள். விளக்கொளியும் மக்கள் கூட்டமும் உள்ள இடம் நாடுக: போலீஸ் நிலையம், பேருந்து நிலையம், சுங்கச்சாவடி, ஆஸ்பத்திரி. 112 அல்லது 100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க. தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்னும் எண்ணும் உண்டு. வண்டியின் எண், நிறம், செல்லும் திசை, அருகிலுள்ள ஊர் என்னும் நான்கையும் கூறினாற் போதும். வண்டி ஓட்டுபவர் பேசலாகாது. உடன் வருபவர் பேசுக. தனியே வருபவர் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பேசுக. நாம் தப்பியதோடு நில்லாது போலீசாருக்கு அறிவித்தல் கடமை. நம்மை விட்டுச் சென்றவன் அடுத்த வளைவில் வேறொருவர் பிள்ளையின்மேல் ஏற்றக்கூடும்.

ஆறாவது, சிறிது உரசிவிட்டானாயின். குடித்தவனோடு நடுச்சாலையில் நின்று நட்ட ஈடு பேசுதல் வீண். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலீஸ் நிலையத்திற் சொல்லுக. எவர்க்கேனும் காயம் பட்டிருந்தால், முதற்பணி 108 எண்ணுக்குச் சொல்லுதல், வழக்கு பின்னர். தமிழ்நாட்டிற் சாலை விபத்திற் காயமுற்றோர்க்கு முதல் 48 மணி நேரத்து அவசரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பளவு அரசே ஏற்கும் திட்டம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பெற்றது. காயமுற்றவரைத் தூக்கிச் சென்றால் சாட்சிக்கு இழுப்பார்களே என்று அஞ்சுவோரும் உளர். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்றது. நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கினின்றும் தொல்லையினின்றும் அது காக்கின்றது. ஆகையால் அஞ்சாது உதவுக.

இங்கே நம் மக்கள் கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். விபத்து நேர்ந்தவுடன் ஓட்டியவனை இழுத்துப் போட்டு அடித்தல் நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அதே சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்துக்குள்ளாக்கியவன் காயமுற்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும் என்று விதிக்கின்றது. ஆனால் கூட்டத்தின் சீற்றத்தால் அஃது இயலாவிடின் என்று விலக்கும் தருகின்றது. அவ்வாறு சென்றவனும் 24 மணி நேரத்திற்குள் போலீஸ் நிலையத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டவன். சட்டம் இயற்றியவர்களே நம் சீற்றத்தைக் கருதி ஒரு விலக்கு எழுத நேர்ந்ததென்றால், அது நமக்குப் பெருமை தரும் செய்தியா என்று எண்ணிப் பாருங்கள். நாம் ஒருவனை அடித்துக்கொண்டிருக்கும் வேளையில் மற்றொருவன் குருதி வடிந்து மாள்கிறான். நம் இளைஞர் பாதிப்பேர் காயமுற்றவரைக் கவனிக்க. பாதிப்பேர் ஓட்டியவனைக் காத்துப் போலீசாரிடம் ஒப்படைக்க. அதுவே சமூகத்துக்கு அழகு.

ஏழாவது, பிறர் ஓட்டும் வண்டியில் செல்வோர்க்கு. கம்பெனிக்குச் செல்லும் நம் பெண்மக்கள், வேன் ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று கண்டால் ஏறவே கூடாது. ஏறியபின் கண்டால் அடுத்த கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி எல்லாரும் ஒருசேர இறங்குக. ஒருத்தி இறங்கினால் வசை. பதின்மர் இறங்கினால் நியாயம். பேருந்தாயின் நடத்துநரிடம் கூறுக. ஓட்டுநரோடு ஓடும் வண்டியிற் சச்சரவிடலாகாது. கம்பெனி நடத்தும் நம் முதலாளிமார்க்கும் ஒரு விண்ணப்பம். அங்ஙனம் இறங்கி வந்த பெண்ணுக்கு அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். அவளை நேரம் தவறியவளாகக் கருதாது, உயிர் காத்தவளாகக் கருதுக.

இத்துணையும் பிறர் நமக்குச் செய்யும் தீங்கைப் பற்றிச் சொன்னேன். ஆனால் சகோதரர்களே! அந்தக் குடித்த ஓட்டுநன் எவர் வீட்டுப் பிள்ளை? அவன் வானத்தினின்று இறங்கி வந்தவனல்லன். நம் சமூகத்துக் கலியாணத்தில், மண்டபத்தின் பின்புறத்தில், காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குடித்தவன் அவன். அவனோடு நின்றவர் நம் மாமனும் மச்சானுமேயாவர். "கொஞ்சந்தான் குடித்தேன், நன்றாக ஓட்டுவேன்" என்று அவன் சொல்லிச் சாவியைச் சுழற்றும்போது நாம் சிரித்துக்கொண்டு நின்றோம். அந்நியனிடம் சாவியைப் பிடுங்குதல் ஆபத்து. உறவினனிடம் சாவியை வாங்கி வைத்தல் கடமை. அதையும் அவன் வண்டியில் ஏறிய பின்னர்ச் செய்யலாகாது. பந்திக்கு முன்னரே, அவன் தெளிவாக இருக்கையிலேயே செய்தல் வேண்டும். அத்தையோ பெரியம்மாவோ கேட்டால் கொடுக்காத பிள்ளை நம்மில் அரிது. அவ்வுறவின் உரிமையை நம் தாய்மார்கள் தயங்காது பயன்படுத்துக. கணவன் குடித்திருக்கையில் அவன் வண்டியின் பின்னே குழந்தையோடு ஏறுதல் பதிபக்தியன்று. ஏற மறுத்தலே அவனையும் குழந்தையையும் காத்தலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கின்றது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மது காணப்படின் வண்டி ஓட்டுதல் குற்றம். முதன்முறை அகப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; மறுமுறையாயின் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது நிரம்பாத சிறுவனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் புரியின், பெற்றோருக்கே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறினான் என்று வண்டி வாங்கித் தரும் தந்தைமார் இதனைக் கேட்டுக்கொள்க.

சட்டத்தைக்கொண்டு மதுக்கடையை விலக்கவும் நாடு முயன்றதுண்டு. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் ஜில்லாவில் இராஜாஜி அவர்கள் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்ந்தது. 2003 முதல் அரசின் நிறுவனமே சில்லறைக் கடைகளையும் நடத்துகின்றது. தமிழ்நாட்டினின்று சென்ற வழக்கொன்றில், நெடுஞ்சாலைகளை அடுத்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென உச்சநீதிமன்றம் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஆணையிட்டது. குடித்து ஓட்டுவோரால் நேரும் சாவுகளே அவ்வாணைக்குக் காரணம். சாலையோரக் கடைகள் மூடப்பட்டன. மூடியவை ஊர்களுக்குள் நுழைய முற்பட்டன. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் நம் தாலுகாவைச் சேர்ந்த சாமளாபுரத்தில் நம் தாய்மார்கள் சாலையில் அமர்ந்து அதனை எதிர்த்ததும், தடியடி பட்டதும், ஒரு பெண்மணி கன்னத்தில் அறையுண்டதும் நாடறிந்த செய்தி. பின்னர் அதே ஆண்டில், நகர எல்லைக்குட்பட்ட கடைகளுக்கு அவ்வாணை பொருந்தாதென நீதிமன்றமே விளக்கம் தந்தது. சட்டம் வரும், தளரும். கடை மூடும், திறக்கும். ஒருநாளும் தளராதிருக்க வேண்டுவது நம் வீட்டுக் கட்டுப்பாடே. சாமளாபுரத்துத் தாய்மார்கள் நடுச்சாலையிற் காட்டிய உறுதியில் நாலிலொரு பங்கை நாம் நம் கலியாண மண்டபத்திற் காட்டினால் எத்தனையோ உயிர் பிழைக்கும்.

முடிவாக, நம் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: நம் சமூகத்துத் திருமணங்களில் மது வழங்கலாகாதென்று தீர்மானம் செய்க, அதனை மீறி எவரேனும் குடித்திருப்பாராயின், அவரை வீடு சேர்க்க மது அருந்தாத இரண்டு ஓட்டுநரை மணவீட்டாரே அமர்த்துக. இரண்டு: 112, 108, 1033 என்னும் எண்களை நம் மாத வெளியீட்டின் அட்டையில் மாதந்தோறும் அச்சிடுக, வீட்டிலுள்ள கிழவியும் குழந்தையும் அறியுமாறு சுவரில் ஒட்டுக. மூன்று: சாலைத் தகராற்றில் வழி விட்டு வந்த நம் பிள்ளையை "ஏண்டா, திருப்பிக் கொடுக்காமலா வந்தாய்?" என்று ஏளனம் செய்யும் வழக்கத்தை இன்றோடு ஒழிக்க. இம்மூன்றாவதே மற்ற இரண்டினும் பெரிது. பிள்ளை சாலையிற் காட்டும் முரட்டுத்தனம் பெரும்பாலும் திண்ணையில் நாம் கற்பித்ததே. தகராறு செய்து வென்று வந்தவன் கதையை நாம் பத்துப் பேரிடம் சொல்கின்றோம். ஒதுங்கி வந்து முழுதாய் வீடு சேர்ந்தவன் கதையை ஒருவரிடமும் சொல்வதில்லை. இனிமேல் அதனைச் சொல்வோமாக. இரவில் அவன் வண்டியொலி வாசலிற் கேட்டதும், காத்திருந்த தாய் எழுந்து சோறு போடச் செல்கிறாளே, அதனினும் சிறந்த வெற்றி அவனுக்கு வேண்டுவதில்லை.

நம் மக்கள் அனைவரும் சென்ற இடத்தினின்று நலமாகத் திரும்பி, நீடு வாழ்க.